ரெகுலேட்டர் மேல் தீப்பெட்டி

கேள்வி: ஃபேனை எப்போதும் இரண்டிலோ மூன்றிலோதான் வைக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். ஐந்தில் வைத்தால் கரண்ட் பில் எகிறிவிடுமாம். உண்மையா? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: மாமியார் சொல்வது சரியா தப்பா என்பது உங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தால்தான் தெரியும். அங்கே இருப்பது பெட்டி ரெகுலேட்டரா, குமிழ் ரெகுலேட்டரா?

நான் மோட்டாருக்குக் காயில் கட்டப் பழகிய காலத்தில் ரெகுலேட்டர் என்றால் கையகலப் பெட்டிதான். உள்ளே கம்பிச்சுருள். குமிழைக் குறைத்தால் கரண்ட் அந்தச் சுருள் வழியாகச் சுற்றி வரும். ஃபேனுக்குப் போகிற வோல்டேஜ் குறையும், வேகமும் குறையும். ஆனால் சுருள் பிடித்துக்கொண்ட மின்சாரம் சும்மா இருக்குமா? சூடாக வெளியே வரும். மழைக்காலத்தில் எங்கள் அம்மா தீப்பெட்டியை ரெகுலேட்டர் மேல்தான் வைப்பார். ஃபேன் ஒன்றில் ஓடினால் தீக்குச்சி மொறுமொறுவென்று இருக்கும். யாராவது ஐந்தில் திருப்பிவிட்டால் பெட்டி ஆறிப்போய், மறுநாள் குச்சி நமுத்துவிடும். ஐந்தில் சுருளுக்கு வேலையே இல்லை, கரண்ட் நேராக ஃபேனுக்குப் போய்விடுகிறது. ஆக, பெட்டி ரெகுலேட்டரில் குறைத்து வைத்தால் மிச்சம் உண்டு, ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு தீப்பெட்டியைக் காய வைக்கப் போய்விடும்.

இப்போது வருகிற சின்னக் குமிழில் சுருள் கிடையாது. உள்ளே இருக்கும் டிரையாக் என்ற துணுக்கு, நொடிக்கு நூறு தடவை கரண்ட்டைக் கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் விடும். சூடு மிகக் குறைவு என்பதால் மிச்சம் நிஜமானது. இதில் ஒரு தொல்லை, குறைந்த வேகத்தில் மோட்டார் ‘ங்ஙொய்’ என்று முனகும். ராத்திரித் தூக்கத்துக்கு அது ஆகாது என்றால், ‘கடக் கடக்’ என்று படிபடியாகத் திரும்பும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் கண்டென்சர் இருக்கும், முனகல் இருக்காது.

பில்தான் கவலை என்றால் ஃபேனையே மாற்றிவிடலாம். பழைய ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்கிற புது வகை ஃபேன் அதே காற்றை 30 வாட்டுக்குப் பக்கத்தில் தந்துவிடும். அதன் சுழலும் பகுதியிலேயே நிலைக்காந்தம் இருப்பதால் காந்தத்தை உண்டாக்கத் தனியாகக் கரண்ட் செலவில்லை. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் குறையும். காயில் கட்டிப் பிழைத்தவன் வாயாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்! ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அதைப் பழைய ரெகுலேட்டரோடு இணைக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து ரெகுலேட்டரைக் கழற்றி நேர் லைன் கொடுங்கள்.

கேள்வி: வேலூரில் இருந்தபோது மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. சென்னைக்குக் குடிவந்த பிறகு அதே பானையில் தண்ணீர் சப்பென்று இருக்கிறதே? (ஒரு வாசகர், மயிலாப்பூர்)

பதில்: பானை மேல் பழி போடாதீர்கள், காற்றைத்தான் கேட்க வேண்டும். பானையின் நுண்துளைகள் வழியாகக் கசிகிற நீர் வெளியே ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையில் இருந்தும் உள்ளே இருக்கிற தண்ணீரில் இருந்தும்தான் எடுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி நீர், அதாவது 5 மில்லி, முழுக்க ஆவியானால் அரை லிட்டர் தண்ணீரைச் சுமார் 6 டிகிரி குளிர்விக்க அது போதும்.

ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் எங்கே போய் ஆவியாகும்? 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் பானைத் தண்ணீர் கிட்டத்தட்ட 26 டிகிரி வரை இறங்க வழி உண்டு. வெயில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 29-க்குக் கீழே போகாது. வெயில் குறைந்த ஊரில் தண்ணீர் சூடு, வெயில் கூடிய ஊரில் தண்ணீர் ஜில்! கடலோரத்தில் ஏர்கூலர் வாங்கி ஏமாறுகிறவர்களின் கதையும் இதேதான். பானையைச் சன்னலோரம் காற்று ஓடுகிற இடத்தில், மணல் மேல் வையுங்கள், கொஞ்சம் தேறும். பழைய பானையில் உப்புப் படிந்து துளை அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு. தேங்காய் நார் போட்டுத் தேயுங்கள், சோப்பு வேண்டாம். மண் அதை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரில் திருப்பித் தந்துவிடும்.

கேள்வி: ஃபோனைக் கழற்றிய பிறகும் சார்ஜர் பிளக்கிலேயே இருந்தால் கரண்ட் வீணாகுமா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: ஆகும், ஆனால் வருஷம் முழுக்க இருந்தாலும் ஒன்றிரண்டு யூனிட்தான். டி.வி. பக்கத்தில் சிவப்பு விளக்கோடு தூங்குகிற செட்டாப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அது 10 வாட் எடுத்தால் வருஷத்துக்கு 87 யூனிட்.

கேள்வி: சட்னி அரைக்கும்போது மிக்ஸி பட்டென்று நின்றுவிட்டது. ரிப்பேருக்குக் கொடுக்கவா? (இல்லத்தரசி, தேனி)

பதில்: பொறுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் தாங்காமல் மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுத்தால், காயில் கருகுவதற்குள் அது துண்டித்துவிடும். பத்து நிமிஷம் ஆறவிட்டு அமுக்குங்கள். ஓடினால் அடுத்த தடவை தேங்காயைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, கொஞ்சம் தண்ணீரும் விடுங்கள். கருகிய வாசனை வந்திருந்தால் மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். இந்தப் பொத்தானை அமுக்கிக் கொடுத்துவிட்டு நூறு ரூபாய் வாங்கியவர்களை நான் அறிவேன். நான் வாங்கியது ஒரு டீ மட்டும்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா? (ஏழாம் வகுப்பு மாணவி, அரியலூர்)

பதில்: என் முதலாளி ஒரு சித்திரை மத்தியானம் இதைச் செய்து பார்த்தார், கண்ணு. ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜைத் திறந்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முகத்துக்குச் சுகம்தான். ஆனால் ஃப்ரிட்ஜ் உள்ளே இருந்து எடுக்கிற வெப்பத்தைப் பின்பக்கம் கொட்டுகிறது, கம்ப்ரெசர் ஓடுகிற சூட்டையும் கூடவே சேர்த்து. பின்னால் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டிருந்தவன் நான்.