பழைய ஃபெல்ட் தொப்பி எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதை வீட்டிலேயே சீராக்கலாமா?

சீராக்கலாம். ஆனால் முதல் கேள்விக்கு ஓரளவாவது விடை கிடைக்கும்வரை இரண்டாவது வேலையில் இறங்காதீர்கள். வயதைச் சொல்லும் தடயங்கள் பெரும்பாலும் சுத்தம் செய்யும்போதுதான் அழிகின்றன. அதோடு, தொப்பியை எவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும் என்பதும் அதன் வயதைப் பொறுத்ததுதான்.

ஜாக்கிரதை என்று நான் சொல்வது பாதரசத்தை மனதில் வைத்து. முயல், பீவர், நியூட்ரியா போன்ற விலங்குகளுக்கு நீண்ட முடிக்கு அடியில் மெத்தென்ற உள்ரோமம் ஒன்று உண்டு. ஃபர் ஃபெல்ட் அந்த உள்ரோமத்தில் செய்வது. நெசவும் இல்லை, பின்னலும் இல்லை. வெந்நீர், ஆவி, அழுத்தம் இவை சேர்ந்து ரோமங்களை ஒன்றுக்குள் ஒன்று சிக்கவைக்கின்றன. முயல் ரோமம் எளிதில் சிக்கிக்கொள்ளாது என்பதால் பாதரச நைட்ரேட் கரைசலைத் தோலில் பூசி அதைத் தயார் செய்தார்கள். ஆவியும் தூசியும் நிறைந்த பட்டறைகளில் அந்தப் பாதரசத்தைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக் குழப்பமும் வந்தன. அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி நகரில் அந்த நோய்க்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர். 1941 டிசம்பர் 1-ம் தேதியோடு அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய தொப்பிகளின் ஃபெல்ட்டில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம். ஆகவே உங்கள் தொப்பி 1941-க்கு முன்னதாக இருக்கக்கூடும் என்று சந்தேகம் வந்தாலே கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பாருங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். இந்தத் தேதி அமெரிக்காவில் செய்த தொப்பிகளுக்கு மட்டும்தான். வேறு நாட்டுத் தொப்பி என்றால் வயதைப் பார்க்காமல் அதே கவனம் எடுப்பது நல்லது.

சரி, வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? பலரும் வடிவத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்: விளிம்பு அகலமாக இருந்தால் 1940-கள், குறுகலாக இருந்தால் 1960-கள் என்று. போக்கு உண்மைதான். 1950-களின் கடைசியிலிருந்து விளிம்பும் குறுகியது, ரிப்பனும் மெலிந்தது. ஆனால் ஃபெல்ட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆவி காட்டி மறுபடி வடிவமைக்கலாம், விளிம்பை வெட்டிக் குறைக்கலாம். மேற்கத்திய பாணித் தொப்பிகளில் அகல விளிம்பு எந்தக் காலத்திலும் போனதே இல்லை. அதனால் வடிவத்தை நான் கடைசி சாட்சியாகத்தான் வைப்பேன்.

முதல் சாட்சி உள்ளே இருக்கிறது. நெற்றியில் படும் தோல்பட்டையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். தோல் காய்ந்து முறுகியிருந்தால் வலுக்கட்டாயம் வேண்டாம். சிறிய டார்ச் அடித்து எட்டிப் பார்த்தாலே போதும். பின்பக்கத் தையலுக்கு அருகில் காகிதச் சீட்டுகள் இருக்கும். அளவுச் சீட்டு, சில நேரம் தயாரிப்பு எண், அதிர்ஷ்டம் இருந்தால் தொழிற்சங்கச் சீட்டு. சேகரிப்பவர்கள் துள்ளிக் குதிப்பது இந்தக் கடைசிச் சீட்டுக்குத்தான். அதில் ‘யுனைடெட் ஹேட்டர்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா’ என்று மட்டும் இருந்தால், அது 1934-க்கு முந்தைய சங்கத்தின் சீட்டு. அந்த ஆண்டில்தான் அந்தச் சங்கம் துணித் தொப்பி, பெண்கள் தொப்பித் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தது. ‘கேப் அண்ட் மில்லினரி வொர்க்கர்ஸ்’ என்ற சொற்களும் சேர்ந்திருந்தால் 1934-க்குப் பிந்தையது. விரல்நுனி அளவுச் சீட்டு ஒன்று பல ஆண்டு ஊகத்தை ஒரே நொடியில் தீர்த்துவிடுகிறது. தோல்பட்டையைக் கழற்றி மாற்றும்போது முதலில் கிழிவதும் அதுதான். தொடுவதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்துகள். தோல்பட்டையிலோ உள்துணியிலோ விற்ற கடையின் முகவரி பொறித்திருக்கலாம். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்க எண் மட்டும் இருந்தால், அது அமெரிக்கத் தபால் மண்டல எண், 1943-ல் வந்தது. ஐந்து இலக்க ஜிப் எண் 1963-ல் வந்தது. வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்துப் போட்ட வணிகக் குறி 1946-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த வழக்கம். தொப்பிப் பெட்டி கூடவே கிடைத்திருந்தால் அதையும் இப்படியே பாருங்கள். ஆனால் பெட்டியும் தொப்பியும் ஒரு ஜோடிதான் என்று நம்பிவிட வேண்டாம். வேறு தொப்பியின் பெட்டியில் குடியேறிய தொப்பிகள் ஏராளம்.

நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதிகம் சொல்ல முடியாது. ஸ்டெட்சன் 1865-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது, அங்கிருந்த ஆலை 1971-ல் மூடப்பட்டது. பெயர் இன்றும் ஓடுகிறது. இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரியாவில் 1857-ல் பிறந்த போர்சாலினோவும் இன்னும் இருக்கிறது. கௌபாய் தன் தொப்பியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் படம் ஸ்டெட்சன் உள்துணிகளில் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டே இருக்கிறது. அதைப் பார்த்ததும் “அடேயப்பா, பழசு” என்று விலையை ஏற்றிவிடாதீர்கள். 3எக்ஸ், 5எக்ஸ் என்ற தரக்குறிகளும் அப்படித்தான். அவை எல்லாக் காலத்துக்கும் பொதுவான அளவுகோல் அல்ல. பழைய 3எக்ஸ் தொப்பியின் ஃபெல்ட் இன்று அதைவிடப் பெரிய எண் போட்டு வரும் பல தொப்பிகளைவிட மென்மையாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். எண்ணை நம்புவதைவிட விரலை நம்பலாம்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ரிப்பன் நிழல். பல வருட வெளிச்சத்தில் ஃபெல்ட் வெளுத்துப்போயிருக்கும். ரிப்பன் மறைத்த இடத்தில் மட்டும் பழைய நிறம் அப்படியே நிற்கும். அந்த நிறப் பட்டை இப்போதைய ரிப்பனைவிட அகலமாக இருந்தால், ரிப்பன் பின்னால் மாற்றப்பட்டது என்று அர்த்தம். முதலில் இருந்த ரிப்பனின் அகலமும் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதேபோல் தோல்பட்டை தைத்த இடத்தில் இரண்டு வரிசை ஊசித் துளைகள் தெரிந்தால், பட்டையும் புதியது. அதில் அச்சிட்டிருக்கும் எதையும் தொப்பியின் வயதுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் காலத்தில் தொப்பியைக் கடையில் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்வது சாதாரணம். அப்படி வாழ்ந்த தொப்பியை ‘ஒரிஜினல் இல்லை’ என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது சீராக்குவது. வாங்கிய பொருள் எதுவானாலும் வீட்டில் இருக்கும் மற்ற தொப்பிகளுக்குப் பக்கத்தில் உடனே வைக்காதீர்கள். அந்துப்பூச்சியின் புழு ரோமத்தைத் தின்று வாழ்வது. தொப்பியைக் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி வரை குளிரும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு, குளிர் முழுக்க விடும்வரை பையைத் திறக்க வேண்டாம்; திறந்தால் ஃபெல்ட்டில் ஈரம் படியும்.

அப்புறம் தூசி. மென்மையான குதிரைமுடிப் பிரஷ், ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே, பொறுமையாக. பெரும்பாலான தொப்பிகளில் அது கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசை. அழுக்கு என்று நாம் நினைப்பதில் பாதி வெறும் தூசிதான், பிரஷ்ஷிலேயே போய்விடும். எண்ணெய்க் கறை புதிதாக இருந்தால் சோளமாவைத் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டிவிடலாம். தண்ணீரில் முக்குவது கூடவே கூடாது, தொப்பி சுருங்கும். நாப்தாவில் அலசினால் பழைய எண்ணெய்ப் பிசுக்கு நன்றாகப் போகும் என்பது உண்மை. ஆனால் அது சட்டென்று தீப்பற்றும் திரவம். அதை வீட்டுக்குள் செய்ய யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். தொப்பி செப்பனிடும் கைவினைஞரிடம் விட்டுவிடுங்கள்.

நசுங்கல், சுருக்கத்துக்கு ஆவிதான் மருந்து. கெட்டில் மூக்கிலிருந்து வரும் ஆவியில் ஃபெல்ட் இளகும், கையால் வடிவம் கொடுக்கலாம், ஆறியதும் அப்படியே நின்றுவிடும். ஆவி தோல்பட்டையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தோல் ஈரமும் சூடும் சேர்ந்தால் சுருண்டு கல்லாகிவிடும், பிறகு எந்த எண்ணெயும் அதை மீட்காது. தோல் இன்னும் வளைகிறது என்றால், தோலுக்கான கண்டிஷனரை மிக மெல்லிசாக அதன் முகத்தில் மட்டும் தடவுங்கள். அதிகமானால் ஃபெல்ட்டில் ஊறிக் கறையாகும். தொட்டால் பொடியாக உதிரும் தோலுக்கு வைத்தியம் கிடையாது, புதுப் பட்டைதான். அதைப் பழைய ஊசித் துளைகள் வழியாகவே கையால் தைக்கச் சொல்லுங்கள். கழற்றிய பட்டையையும் சீட்டுகளையும் ஒரு உறையில் போட்டுத் தொப்பியோடு வைத்திருங்கள்.

அந்துப்பூச்சி மேலாக மேய்ந்த இடங்களை அப்படியே விட்டுவிடலாம், யார் கண்ணுக்கும் பெரிதாகத் தெரியாது. துளையே விழுந்திருந்தால் மேல்பகுதியைவிட விளிம்பில் இருப்பது மேல். மேல்பகுதியின் முன்பக்கம், விரலால் கிள்ளித் தூக்கும் இடத்தில் விரிசல் இருந்தால் அந்தத் தொப்பியை வாங்கவே யோசியுங்கள். படம் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால், உள்ளே வெளிச்சம் வைத்து எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்; துளையும் விரிசலும் புள்ளியாக மின்னும். தோல்பட்டையைத் திருப்பி எடுத்த படமும், உள்சுற்றளவை டேப்பால் அளந்த படமும் வேண்டும். சீட்டில் அமெரிக்க அளவு 7⅛ என்றிருந்தால் அது சுமார் 57 சென்டிமீட்டர். பிரிட்டிஷ் சீட்டில் அதே தலைக்கு 7 என்றிருக்கும். ஆனால் பல வருடங்களில் தோல் சுருங்கித் தொப்பி ஓர் அளவு குறைந்திருக்கக்கூடும். சீட்டும் டேப்பும் ஒத்துவராவிட்டால் டேப்பை நம்பி வாங்குங்கள்.