கணக்கு டீச்சர், ஊராட்சித் தலைவர்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். 2019 டிசம்பர் தேர்தலில் ஊராட்சித் தலைவராக ஜெயித்தபோது எனக்கு 26 வயது. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு 22 வயது. பி.எட். படிக்கிறேன். நான் தேர்தலில் நிற்கலாமா?

தாராளமாக நிற்கலாம் தம்பி. உள்ளாட்சிக்கு 21 வயது போதும். ஆனால் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டால், அந்த வேலையில் இருந்துகொண்டே நிற்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

கட்சி ஆதரவு இல்லாமல் முடியுமா?

கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியம், மாவட்டம் என்று மேலே போனால்தான் கட்சி.

பள்ளிக்கூடத்துக்கு உங்களால் உண்மையில் என்ன செய்ய முடிந்தது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. புதுக் கட்டடம் கட்டுவேன் என்று நினைத்துத்தான் போனேன். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு, நாம் தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஒரு நாள் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தேன். மதியம் வரை எல்லாம் நிறைந்தபடியே இருந்தன. கேட்டால், "பாத்ரூம்ல தண்ணி வராது மிஸ், அதான் குடிக்கறதில்ல" என்றார்கள். விசாரித்தேன். டேங்க் ஆபரேட்டர் காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்து ஏழு மணிக்கு மூடிவிடுகிறார். அந்த நேரத்தில் தெருக்குழாய்களில் எல்லாரும் பிடிப்பதால் கடைசியில் இருக்கும் பள்ளித் தொட்டிக்கு அழுத்தம் போதவில்லை. எட்டரைக்கு அந்த லைனை மட்டும் தனியாக இருபது நிமிடம் திறக்கச் சொன்னேன். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. அடுத்த வாரமே பாட்டில்கள் காலியாகத் தொடங்கின. ஐந்து வருடத்தில் நான் செய்ததிலேயே இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் விடாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. எந்தப் பிள்ளை பத்து நாளாக வரவில்லை என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

சின்னப் பெண் என்று ஒதுக்கினார்களா?

ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்குத்தான். ஆனாலும் முதல் மாதம் வந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டி அப்பாவிடம்தான் பேசினார்கள். அப்பாவை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார், ஆனால் புரிந்துகொண்டார். இன்னொன்று, காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவரோடு பேச்சுவார்த்தை முறிந்தால் தெருவிளக்கு பல்புகூட வாங்க முடியாது. எங்கள் துணைத் தலைவருக்கு என் அப்பா வயது. ஒவ்வொரு பில்லையும் அவரிடம் முதலில் காட்டிவிடுவேன். மூன்றாம் மாதத்திலிருந்து அவரே, "தலைவரைக் கேளுங்க" என்று என்னிடம் ஆட்களை அனுப்பினார்.

சம்பளம்?

மதிப்பூதியம்தான். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. மாலையில் டியூஷன் எடுத்தேன்.

தேர்தல் வரும்வரை என்ன செய்யலாம் அக்கா?

கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். போன கூட்டத்தில் போட்ட தீர்மானம் என்ன ஆனது என்று எழுந்து கேளுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும், எனக்கும் நடுங்கியது. கேட்டுவிட்டு உட்காருங்கள்.