வாசகர் கேள்வி-பதில்: மானுக்கு எந்தக் குண்டு?

கேள்வி: அண்ணா, வணக்கம். போன வருஷம்தான் 30-06 ரைஃபிளுக்கு லைசென்ஸ் கைக்கு வந்துச்சு, இப்ப தோட்டாவை நாமளே அடைச்சுக்கற ரீலோடிங் ப்ரெஸ்ஸும் வாங்கிட்டேன். லிம்போப்போ பக்கம் புஷ்வெல்ட் புதர்க்காட்டுல இம்பாலா மான் அடிக்கணும், அமைஞ்சா ஒரு குடு மான். 150 கிரெய்ன் (குண்டோட எடை அளவு) குண்டு போடவா, 180 போடவா? கூட வர்றவங்க லேசான குண்டுதான் வேகமா போகும், அதையே போடுங்கிறாங்க. ஆனா போன சீசன்ல கடைத் தோட்டாவுல 150 போட்டு 40 மீட்டர்ல ஒரு இம்பாலா அடிச்சேன், முன்சப்பை ரெண்டும் கூழாப் போச்சு, பாதி கறிய தூக்கிப் போட்டோம். மனசே ஆறல.
— வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: தம்பி, உங்க கேள்வியிலயே பதில் இருக்கு, அந்த 40 மீட்டர்தான். குண்டோட எடையை மட்டும் பாத்து யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது, அது மிருகத்து மேல படும்போது என்ன வேகத்துல இருக்கும்னு பாக்கணும். 30-06ல 150 கிரெய்ன் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 2,900 அடி வேகத்துல கிளம்பும், 40 மீட்டர்ல அந்த வேகம் பெருசா குறைஞ்சிருக்காது. சாதாரண சாஃப்ட் பாயிண்ட்னா உள்ள காரீயம், மேல மெல்லிசா செம்பு உறை, அவ்ளோதான். அந்த வேகத்துல சப்பை எலும்புல பட்டா உறை ஒரு பக்கம் ஈயம் ஒரு பக்கம்னு சிதறிடும். 55, 60 கிலோ இம்பாலாவுல கறி வீணாகும், அதோட போச்சு. அதே குண்டு 200 கிலோவுக்கு மேல நிக்கிற குடு கெடாவோட சப்பையில பட்டா உள்ள போறதுக்கு முன்னாடியே உடைஞ்சு மிருகம் காயத்தோட ஓடிடும், அதுதான் என்னால தாங்கிக்க முடியாத விஷயம்.

அதனால ரெண்டு மிருகத்துக்கும் ஒரே குண்டு வேணும்னா 180 போடுங்க, 2,700 அடி வேகம் கிட்ட கிளம்பும், புஷ்வெல்ட் தூரத்துக்கு அது தாராளம். ஒரே விட்டத்துல எடை கூடக் கூட குண்டு நீளமாகும், ஆழமாவும் போகும். இதை செக்‌ஷனல் டென்சிட்டின்னு ஒரு எண்ணால சொல்வாங்க, 30 கேலிபர்ல 150க்கு 0.226, 180க்கு 0.271. ஆனா இந்த எண் குண்டு உடையாம இருந்தாதான் செல்லும், அதுனால கட்டுமானம்தான் முதல்ல. உறையோட ஈயத்தை ஒட்டிப் பிடிச்சு வெச்ச பாண்டெட் குண்டு வாங்குங்க, நம்ம தென்னாப்பிரிக்காவுலயே ரைனோ மாதிரி கம்பெனிங்க செய்றாங்க. இல்லன்னா நோஸ்லர் பார்ட்டிஷன், குண்டுக்கு நடுவுல ஒரு தடுப்புச் சுவர் இருக்கும், முன்பாதி குடை மாதிரி விரியும் பின்பாதி கட்டியா நின்னு தள்ளிட்டுப் போகும். 1946ல மூஸ்ங்கிற பெரிய மான் ஒண்ணு மேல சாதாரண குண்டு உடைஞ்சு போனதைப் பாத்துதான் ஜான் நோஸ்லர் இதை யோசிச்சார், உங்க கவலையேதான் அவருக்கும்.

இன்னொண்ணு, டார்கெட் அடிக்கிற மேட்ச் குண்டை வேட்டைக்கு எடுக்காதீங்க. பேப்பர்ல அஞ்சு ஓட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துச்சுன்னு நானும் ஒரு தடவை ஃப்ரீ ஸ்டேட்ல பிளெஸ்பக் மான் மேல அதைப் போட்டேன், 250 மீட்டர் இருக்கும், குண்டு விரியவே இல்ல, ஊசி குத்துன மாதிரி போயிடுச்சு. இருட்டுற வரைக்கும் தேடினோம், காலையிலதான் கிடைச்சது. அந்த ஜீவன் ராத்திரி முழுக்க பட்ட பாட்டுக்கு நான்தான் பொறுப்பு, இன்னிக்கும் அது உறுத்துது.

கேள்வி: அங்கிள், எங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் மான் கறி கொண்டுவருவார், புரட்டாசி பொறக்கறதுக்குள்ள ஃப்ரீசர் காலியாகணும்னு பிள்ளைங்களுக்கும் அதான் சமைக்கிறோம். குண்டுல இருக்கற ஈயம் கறியில கலக்குமா? மாமியார் சொல்றாங்க, அந்தக் காலத்துல ஈயச் சொம்புலதானே ரசம் வெச்சோம், யாருக்கு என்ன ஆச்சுன்னு.
— வாசகி, டோங்காட்

பதில்: நல்ல கேள்விம்மா, இதை வேட்டைக்குப் போறவங்க யாரும் கேக்கறதில்ல. முதல்ல மாமியாருக்கு சொல்லுங்க, ஈயச் சொம்பு வெள்ளீயம், குண்டுல இருக்கறது காரீயம், பேருல ஈயம் இருந்தாலும் ரெண்டும் வேற வேற உலோகம். காரீயம் பிள்ளைங்களோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இவ்ளோ வரைக்கும் பரவால்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளா தெறிக்கும், எக்ஸ்ரே எடுத்தா காயத்துல இருந்து அரைச் சாண் தள்ளியும் தெரியும், கழுவினா போகாது. நம்ம சமையல்ல புளி, தக்காளி, பில்டாங்குங்கிற உப்புக்கண்டம்னா வினிகர், இந்தப் புளிப்பு இருக்கே அது ஈயத்தை இன்னும் கரைச்சு எடுக்கும்.

வீட்டுக்காரர்கிட்ட முழுச் செம்புக் குண்டுக்கு மாறச் சொல்லுங்க, பெரெக்ரின்னு நம்ம நாட்டுலயே தயாராகுது. விலை கூடதான், ஆனா ஒரு சீசனுக்கு எத்தனை தோட்டா வெடிக்கப் போறார்? பழைய ஈயக் குண்டு கறி ஃப்ரீசர்ல இருந்தா காயம்பட்ட இடத்தைச் சுத்தி தாராளமா வெட்டி எறிஞ்சிடுங்க, பிள்ளைங்களுக்கு பின்தொடை மட்டும் குடுங்க. வெட்டுன கறியையும் குடலையும் வெளியில போட வேண்டாம், குழி தோண்டிப் புதைக்கணும், கழுகுங்க அதைத் தின்னு ஈய விஷத்துல சாகுது.

அவருக்கு ஒரு வார்த்தை: செம்பு ஈயத்தை விட லேசு, அதே எடைக்கு குண்டு நீளமாகும். அதனால எடையில ஒரு படி இறங்குங்க, 180 ஈயம் போட்ட இடத்துல 150 இல்ல 165 செம்பு போதும், இது உடையாது. இதுக்கு வேகம் வேணும், பல செம்புக் குண்டுங்க 2,000 அடிக்குக் கீழ போனா சரியா விரியாது, பெட்டியில போட்டிருக்கற அளவைப் பாத்து அந்தத் தூரத்துக்குள்ள மட்டும் சுடுங்க. மேல சாட்ஸ்வர்த் தம்பிக்கும் இதையே சொல்வேன், பாண்டெட்டும் உள்ள ஈயம்தான்.

கேள்வி: தாத்தாவோட .303 ரைஃபிள் வீட்டுல இருக்கு. 308 குண்டு நிறைய வகையில கிடைக்குதே, அதைப் போட்டு லோட் பண்ணலாமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கூடாதுங்க. .303ன்னு பேருதான், அதோட குண்டு 0.311, 0.312 அங்குலம். 308ன்னா 0.308 அங்குலம்தான், உள்ள தொளதொளன்னு போகும், குறி நிக்காது. மாத்தி .303 குண்டை 308 பேரல்ல போட்டா ப்ரெஷர் ஏறி ஆபத்து. துப்பாக்கி உங்க பேருக்கு லைசென்ஸ் மாறிடுச்சான்னும் பாருங்க, 2000ஆம் வருஷத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கற துப்பாக்கிக்கு மட்டும்தான் தோட்டா லோட் பண்ணலாம்.

கேள்வி: 165 கிரெய்ன் ஈயக் குண்டுக்கு நல்ல லோட் ஒண்ணு வெச்சிருக்கேன். குண்டை மட்டும் 165 செம்புக்கு மாத்தினா அதே வெடிமருந்து அளவு போடலாமா, எடை ஒண்ணுதானே?
— வாசகர், வெருளம்

பதில்: போடாதீங்க, இதுலதான் விபத்தே வருது. செம்புக் குண்டு நீளம், கேஸுக்குள்ள, அதான் தோட்டாவோட பித்தளைக் கூட்டுக்குள்ள, அதிகம் எறங்கி மருந்துக்கு இருக்கற இடத்தை எடுத்துக்கும், பேரல்ல உரசறதும் வேற மாதிரி, அதே அளவு மருந்துக்கு ப்ரெஷர் எங்க போய் நிக்கும்னு ஊகிக்க முடியாது. அந்தக் குண்டுக்குன்னு செஞ்சவங்க குடுக்கற டேட்டாவையோ, உங்க மருந்து சோம்கெம் கம்பெனியோடதுன்னா அவங்க கையேட்டுல இருக்கறதையோ எடுத்து, ஆரம்ப அளவுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறுங்க. ஒவ்வொரு படியிலயும் தோட்டா அடியில இருக்கற பிரைமர் தட்டையாகுதா, ரைஃபிளோட போல்ட் தூக்கக் கஷ்டமா இருக்கான்னு பாக்கணும், அது ப்ரெஷர் ஏறினதுக்கு அடையாளம், தெரிஞ்சா அங்கயே நிறுத்தி கீழ எறங்குங்க. பேரலைத் தேய்ச்சு பழைய செம்புக் கறை போன அப்புறம் ஆரம்பிங்க, இல்லன்னா குறி நிக்காததுக்குக் காரணம் குண்டா கறையான்னு தெரியாது. ஒரு லோட் அமைஞ்சதும் அதே லாட் நம்பர்ல (ஒரே தடவையில தயாரான சரக்கு) ரெண்டு பெட்டி சேர்த்து வாங்கி வைங்க, மே மாசம் சீசன் தொடங்கினதும் கடையில அதே லாட் கிடைக்காது.