ரசிகர் ஓவியம் விற்கலாமா: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஹட்டனில் பதினான்கு வருடமாக அச்சுக்கடை நடத்துகிறேன். டீசேர்ட், மக், ஸ்டிக்கர், தேர்த்திருவிழா பிளெக்ஸ் எல்லாம் அடிக்கிறோம். இரவில் நானும் வரைகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. சூடு கண்ட பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தவள். சினிமா, அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன், கிரிக்கெட் என்று பிறருடைய புகழை வரைந்து விற்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தலவாக்கலை மாணவி: அக்கா, அனிமே பாத்திரங்களை வரைந்து ஸ்டிக்கராக வெட்டி 50 ரூபாய்க்கு விற்கிறேன். அண்ணன் இதைத் திருட்டு என்கிறான். உண்மையா?

அண்ணன்மாருக்கு அந்தச் சொல் வாயில் சுலபமாக வந்துவிடும், தங்கச்சி. நம் நாட்டில் இதற்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு படைப்பைப் பிரதி எடுப்பது, தழுவி வேறொன்று செய்வது, விற்பது ஆகிய உரிமைகளை அது படைத்தவருக்கே கொடுக்கிறது. உரிமை பெற எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. வரைந்து முடித்தாலே வந்துவிடும். ஜப்பான்காரருக்கு இங்கே என்ன உரிமை என்றும் கேட்க முடியாது. ஒரு நாட்டின் படைப்பை மற்ற நாடுகளும் காக்க வேண்டும் என்கிற பேர்ண் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன. ஆகவே ஏட்டுக் கணக்கில் உங்கள் ஸ்டிக்கர் மீறல்தான்.

ஆனால் அதே ஜப்பானில் 1975 டிசம்பரிலிருந்து கொமிக் மார்க்கெட் என்று ஒரு சந்தை நடக்கிறது. ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட சிற்றேடுகளை மேசை போட்டு விற்பார்கள். டோஜின்ஷி என்று பெயர். பிறருடைய பாத்திரங்களை வைத்து வரைந்தவை அவற்றில் ஏராளம். பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டும் காணாமலும் இருந்துவிடுகின்றன. இன்று அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் நாளை அவர்களுக்கே மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதை வரையலாம் அல்லவா? கிளாம்ப் என்ற புகழ்பெற்ற பெண் ஓவியர் குழு டோஜின்ஷியில் தொடங்கியதுதான். அங்கே இப்படிப்பட்ட மீறலுக்கு, பொதுவாக உரிமையாளர் முறையிட்டால்தான் வழக்கு.

பொறுத்துக்கொள்வதும் அனுமதி கொடுப்பதும் ஒன்றல்ல. அந்தப் பொறுமைக்கு எழுதப்படாத எல்லை ஒன்று இருக்கிறது. சொந்தக் கையால் வரைய வேண்டும், கொஞ்சமாக அச்சிட வேண்டும், நிறுவனமே வெளியிட்ட பொருள் என்று வாங்குபவர் மயங்கக் கூடாது. உங்கள் ஸ்டிக்கர் அந்த எல்லைக்குள் நிற்கிறது என்றே நினைக்கிறேன். தொடரின் பெயரை அதன் அலங்கார எழுத்தோடு அப்படியே ஒட்டி விற்காதீர்கள். அது வர்த்தகக் குறி, வேறு வம்பு.

கொட்டகலை: 30 வீதம் மாற்றினால் சட்டம் பிடிக்காது என்கிறார்களே?

எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு இல்லை. நிறத்தை மாற்றி முகத்தைத் திருப்பிவிட்டால் போதும் என்று கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் நம்புகிறார்கள். அந்த 30 வீதத்தை எந்த அடிமட்டத்தால் அளப்பார்கள் என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பதுளை: கீழே மூல ஓவியரின் பெயரைப் போடுகிறேன். அது போதாதா?

பெயர் போடுவது மரியாதை, கட்டாயம் செய்யுங்கள். படைத்தவரின் பெயரைச் சொல்வது நம் சட்டத்திலும் தனி உரிமை. ஆனால் பக்கத்து வீட்டுப் பலாப்பழத்தை வெட்டி விற்றுவிட்டு, 'இது அவர் வீட்டு மரம்' என்று பலகை வைத்தால் பழத்துக்குரிய காசு அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுமா?

கண்டி: முரளிதரனின் படத்தை வரைந்து '800' என்று போட்டு டீசேர்ட் அடிக்க ஆசை. கூகுளில் கிடைத்த ஒரு படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறேன். பிரச்சினை வருமா?

நான் சூடு கண்ட இடமே இதுதான். சில வருடங்களுக்கு முன் நம்மூர்ப் பாடகர் ஒருவரின் முகத்தை வரைந்து 60 டீசேர்ட் அடித்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். தோட்டத் திருவிழாவில் 38 விற்றுப் போயின. ஒரு நாள் விசிட்டிங் கார்ட் அடிக்க ஒரு ஸ்டூடியோக்காரர் கடைக்கு வந்தார். தொங்கிய சட்டையைப் பார்த்தார். பேசாமல் அதை மேசையில் விரித்து, கண்மணியில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினார். "பெரியது என் குடை விளக்கு. சின்னது வெளிச்சம் தெறிக்க நான் இடது பக்கம் நிறுத்திய வெள்ளை ரெஜிபோம் பலகை. இரண்டையும் நான் வைத்தேன், தங்கச்சி. நீங்கள் வரைந்தது முகத்தை அல்ல, என் படத்தை" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. கைப்பேசித் திரையில் படத்தை வைத்துக் கோடு கோடாக எடுத்தபோது அந்தப் புள்ளிகள் என்ன என்றே நான் யோசிக்கவில்லை. அவர் கேட்ட தொகையைக் கொடுத்தேன். மிச்சம் 22 சட்டைகளும் மை துடைக்கும் துணியாகத் தீர்ந்தன.

ஊர்ச் சண்டை மட்டும் அல்ல இது. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸை 1981இல் லின் கோல்ட்ஸ்மித் என்ற படப்பிடிப்பாளர் எடுத்த படம் ஒன்றை வைத்து அன்டி வார்ஹோல் என்ற அமெரிக்க ஓவியர் ஓர் ஓவிய வரிசையே செய்தார். அதில் ஒன்றை 2016இல் ஒரு சஞ்சிகை அட்டைக்கு வார்ஹோலின் அறக்கட்டளை காசுக்குக் கொடுத்தது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படப்பிடிப்பாளர் பக்கம் நின்றது. சஞ்சிகைக்கு ஒருவரின் உருவத்தைக் கொடுப்பதுதான் படத்தின் வேலை, ஓவியமும் அதே வேலைக்கே விற்கப்பட்டது என்பதுதான் அங்கே பிடிபட்ட முடிச்சு. அமெரிக்கத் தீர்ப்பு நம்மைக் கட்டாது. ஆனாலும் நியாயமான பயன்பாட்டுக்கு, அதாவது கேட்காமலே எடுக்கச் சட்டம் விடும் இடத்துக்கு, நம் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல்களும் ஏறக்குறைய அவையே: எதற்காக எடுத்தீர்கள், எப்படிப்பட்ட படைப்பிலிருந்து எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், மூலத்தின் சந்தை கெடுகிறதா.

ஆகவே அந்த ஒற்றைப் படத்தை மறந்துவிடுங்கள், தம்பி. பத்துப் படம் பாருங்கள், பழைய ஆட்டங்களின் காணொளியை ஓட விடுங்கள். பந்தை விடும் நொடியில் கண்கள் விரிவதும் மணிக்கட்டு திரும்புவதும் முரளிக்கே உரியவை. எந்தப் படப்பிடிப்பாளரும் அவற்றுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. இன்னொன்று: அவரே ஒப்புதல் கொடுத்த சட்டை என்ற தோற்றம் வரக் கூடாது. முறையற்ற போட்டி பற்றிய பிரிவில் பிரபலமானவர்களின் நற்பெயரையும், பிரபலமான கற்பனைப் பாத்திரங்களின் நற்பெயரையும் நம் சட்டம் சேர்த்தே சொல்கிறது.

பண்டாரவளை அச்சுக்கடைக்காரர்: வாடிக்கையாளர் படம் கொண்டுவருகிறார், நான் அடித்துக் கொடுக்கிறேன். பாவம் யாருக்கு?

பிரதி எடுக்கும் இயந்திரம் உங்களுடையது, அண்ணா. 'அவர் கேட்டார்' என்பது முழுப் பதிலாகாது. அதற்காகப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு கார்ட்டூன் மக் கேட்டு வந்த தாயை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நான் அனுப்புவதில்லை. 'சீசனுக்கு நுவரெலியாவில் விற்க 200 வேண்டும்' என்று வந்தால் மட்டும், படம் யாருடையது என்று கேட்கிறேன். பதில் சரியில்லை என்றால் ஓடரை விட்டுவிடுகிறேன். ஏப்ரலில் அது வலிக்கும்தான்.

மஸ்கெலியா: நான் வரைந்த ஒரு சினிமா நாயகனின் ஓவியத்தை யாரோ பேஸ்புக்கிலிருந்து எடுத்து, என் கையெழுத்தை வெட்டிவிட்டு டீசேர்ட் விற்கிறார்கள். ஆனால் அந்தப் பாத்திரமே என்னுடையது அல்லவே. வாய் திறக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. பாத்திரம் படக் கம்பனியுடையது. அந்தக் கோடுகளும் நிழலும் உங்களுடையவை. கம்பனிக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியவர் என்பதால் உங்கள் உழைப்பு ஊர்ப் பொதுச் சொத்தாகிவிடாது. தழுவிய படைப்புக்கும் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது, மூலப் படைப்பின் உரிமைக்குப் பாதகமில்லாமல். அனுமதி இல்லாத தழுவலோடு நீதிமன்றம் போவது சிக்கல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பென்சில் கோட்டிலிருந்து கட்டம் கட்டமாக எடுத்த படங்கள் இருந்தால் அவற்றோடு முதலில் அந்த விற்பனையாளரிடமே பேசுங்கள்.

பெரிய கம்பனிக்கு 20 ஸ்டிக்கரால் எதுவும் குறையாது. பக்கத்து ஊரில் ராத்திரி முழுக்க விழித்து வரைந்தவரின் படத்தை எடுத்தால் குறையும். எனக்குச் சட்டத்தை விட இதுதான் பெரிய கணக்கு.

நானுஓயா: ஏஐ செய்த படத்தைக் 'கையால் வரைந்தது' என்று விற்கிறார்கள். சரியா?

பொய். வாங்குபவரிடம் சொல்லும் பொய். அதற்குப் பதிப்புரிமைச் சட்டம்கூடத் தேவையில்லை.

ராகலை: யாரையும் கேட்காமல் விற்கக்கூடியது எதுவும் இல்லையா?

நிறைய இருக்கிறது. இங்கே பதிப்புரிமை படைத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 70 வருடமும். பாரதி 1921இல் இறந்தவர். அவர் வரிகளை மக்கில் தாராளமாக அடிக்கலாம். ரவி வர்மா 1906இல் இறந்தவர். நம் லயத்துச் சுவர்களில் தொங்கும் சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் அவர்தான் பாட்டன். ஆனால் நேற்று யாரோ வரைந்த பாரதி முகத்தை எடுத்தால் அந்த ஓவியரின் உரிமை குறுக்கே வரும்.

எல்ல: வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கக் காமன் கூத்து வேடங்களைத் தபாலட்டையாக வரைகிறேன். மரபுக் கலைதானே, யாரும் உரிமை கேட்க மாட்டார்கள் அல்லவா?

அவசரப்பட வேண்டாம். நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பிரதி எடுத்து வணிகத்துக்கோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்துவது பற்றி அதே 2003 சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. அனுமதி விவரத்தைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் கிடக்கட்டும். மாசியில் கம்பம் நட்டு, விரதம் இருந்து, ரதியாகவும் மதனாகவும் ஆடுகிறவர்களுக்கு அது வேடம் மட்டும் அல்ல, நேர்த்தி. ஜப்பான் கம்பனிக்குக் காட்டும் பயத்தில் பாதியையாவது நம் தோட்டத்துக் கூத்து வாத்தியாருக்கு மரியாதையாகக் காட்டலாம். அச்சுக்குப் போகும் முன் வரைபடத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரதியின் முகப்பூச்சிலோ கிரீடத்திலோ பிழை இருந்தால் எனக்குத் தெரியாது, பயணிகளுக்கும் தெரியாது. அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். என்ன பங்கு கொடுப்பது என்பதையும் அங்கேயே, தேநீர் குடித்துக்கொண்டே பேசிவிடுங்கள்.