மகள் கலெக்டர் ஆக வேண்டும் என்கிறாளா? முதலில் ஓர் அரசாணையைக் கையில் கொடுங்கள்

வணக்கம் ஐயா,

போனில் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் பாதிதான் பதில் சொன்னேன். பிளஸ் டூ முடித்த மகள் பி.ஏ. அரசியல் அறிவியல்தான் வேண்டும், ஐ.ஏ.எஸ். ஆகப் போகிறேன் என்கிறாள். நீங்கள் இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எந்தப் படிப்பு என்பதற்கு முன்னால், நீங்கள் இரண்டு முறை சொன்ன ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம்: "கலெக்டருக்கு எவ்வளவு பவர் இருக்கு!"

அந்த பவர் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரியாமலே வருடக்கணக்காக கோச்சிங்கில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனம் கஷ்டப்படும்.

தமிழ்நாடு அரசின் அரசாணை ஒன்றை இணையத்தில் இருந்து எடுத்து அச்சிட்டு அவளிடம் கொடுங்கள். மேலே துறையின் பெயர், அரசாணை எண், தேதி. நடுவே ஆணை. கடைசியில் அடைப்புக்குறிக்குள் "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருக்கும், அதற்குக் கீழே அரசுச் செயலாளரின் பெயர். கொள்கை முடிவு அமைச்சருடையது, பெயர் ஆளுநருடையது, கையெழுத்து அதிகாரியுடையது. ஏன் இப்படி என்று அவளையே தேடச் சொல்லுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 154 மாநில நிர்வாக அதிகாரத்தை ஆளுநரிடம் வைக்கிறது. பிரிவு 163 அவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் அமைச்சரவையை வைக்கிறது. பிரிவு 164 அந்த அமைச்சரவையைச் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வைக்கிறது. டெல்லியிலும் இதே ஏற்பாடுதான். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்பதை 1976-இல் 42-ஆவது திருத்தம் வெளிப்படையாகவே எழுதிவைத்தது. ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்பது 1978-இல் 44-ஆவது திருத்தத்தில் வந்தது. இதைப் படிக்கும்போது அவள் முகத்தில் ஆர்வம் தெரிகிறதா, சலிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். எனக்கு அது மதிப்பெண் பட்டியலைவிட முக்கியம்.

அப்புறம் ஒரு வழக்கு. பஞ்சாப் அரசு பள்ளிப் பாடநூல்களைத் தானே அச்சிட ஆரம்பித்தபோது, தனியார் பதிப்பாளர்கள் "இதற்குச் சட்டம் எங்கே?" என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். ராம் ஜவாயா கபூர் வழக்கு, 1955. சட்டம் இயற்றுவதையும் நீதி வழங்குவதையும் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் நிர்வாக அதிகாரம், ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சட்டம் தேவையில்லை என்றது நீதிமன்றம். ஆனால் ஒருவருடைய உரிமையில் கை வைப்பதானால் சட்டம் வேண்டும். கலெக்டர் வேலையின் அடித்தளமே இதுதான் ஐயா. தடை உத்தரவு போடுகிறாரா? முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 144, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 163. அதுவும் இரண்டு மாதத்துக்கு மேல் அவர் உத்தரவு நிற்காது, நீட்டிக்க மாநில அரசு வர வேண்டும். வெள்ளத்தின்போது போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறாரா? 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அவர் தலைமை வகிக்கும் மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. ஒவ்வோர் உத்தரவுக்குப் பின்னாலும் ஒரு பிரிவு எண் இருக்கும். அந்த எண்ணைத் தேடிப் பிடிப்பதில் சந்தோஷப்படுகிற பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவரும்.

சாதிச் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர். யார் எதில் கையெழுத்துப் போடலாம் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். ஒரு பழங்குடி மாணவனின் கல்லூரிச் சேர்க்கை அந்த ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும். பவர் என்று நாம் சொல்வது நடைமுறையில் இந்த மாதிரி மேசைகளில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் அவளிடம் மறைக்காதீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 311 அதிகாரியை விசாரணை இல்லாமல் பணிநீக்கம் செய்வதிலிருந்து பொதுவாகப் பாதுகாக்கும், இடமாற்றத்திலிருந்து பாதுகாக்காது. அமைச்சரின் முடிவு தவறென்று பட்டால் கோப்பில் தன் கருத்தை எழுதலாம், எழுதவும் வேண்டும். அதன் பிறகும் முடிவு மாறவில்லை, அது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்றால், நிறைவேற்றுவது அவள் கடமை. மக்கள் ஓட்டுப் போட்டது அமைச்சருக்கு. இந்த இடம் பிடிக்காதவர்களுக்கு வழக்கறிஞர் தொழிலோ பத்திரிகைத் துறையோ இன்னும் பொருந்தும்.

சரி, படிப்பு. யூ.பி.எஸ்.சி.க்கு எந்தப் பட்டமும் போதும், இன்ஜினீயரிங்கும் போதும். ஆனால் விருப்பமில்லாத நான்கு வருடத்தை அவள் மேல் சுமத்த வேண்டாம். முதன்மைத் தேர்வில் பொது அறிவு இரண்டாம் தாள் முழுக்க ஆட்சிமுறை, அரசமைப்பு, சமூக நீதி, சர்வதேச உறவுகள், 250 மதிப்பெண். விருப்பப் பாடமாக அரசியல் அறிவியல் எடுத்தால் இன்னும் 500. அதனால் அவள் கேட்கும் படிப்பு வீண் இல்லை. முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாள்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் சொல்லுங்கள். பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை 6 முறை, பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வரை 9 முறை எழுதலாம். அத்தனை முறையும் எழுத வேண்டும் என்று அர்த்தமில்லை. மூன்று முறை என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். கூடவே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளையும் முதலிலிருந்தே எழுதட்டும். துணை ஆட்சியர் பதவி குரூப் 1-இல்தான் வருகிறது. பி.ஏ. முடித்து மூன்று வருட எல்.எல்.பி. சேர்ந்தால் இன்னொரு கதவும் திறந்திருக்கும்.

கவுன்சலிங் பதிவை உடனே ரத்து செய்ய வேண்டாம். அதற்குள் ஒரு திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். மத்தியானம் வரை ஓரமாக உட்காருங்கள். மனுவை வாங்கி, படித்து, எந்தத் துறைக்கு என்று குறித்து அடுத்தவரைக் கூப்பிடும் வேலையை அவள் பார்க்கட்டும். பட்டா, உதவித்தொகை, குடிநீர் என்று அதே மனுக்கள் திரும்பத் திரும்ப வரும். வெளியே வந்ததும் நீங்கள் எதுவும் கேட்காதீர்கள், அவளாகப் பேசட்டும். என்ன சொன்னாள் என்று எனக்கு போன் பண்ணுங்கள் ஐயா, அதை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.