கடல்நீர்த் தொட்டிக்கு ஆப்பச்சோடாவும் சுண்ணாம்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்றடி நீளமுள்ள கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கல்லும் மணலும் போகச் சுமார் 120 லிட்டர் நீர் கொள்ளும். உரிய ஆவணங்களோடு வாங்கிய சில பவளங்கள் அதில் வளர்கின்றன. எதுவும் சேர்க்காமல் விட்டால், இரண்டு நாளில் காரத்தன்மை 8.5 டிகேஹெச்சிலிருந்து (டிகேஹெச் என்பது காரத்தன்மையை அளக்கும் அலகு) 7.5 ஆகக் குறைந்துவிடுகிறது. கால்சியத்துக்கு ஒன்று, காரத்தன்மைக்கு ஒன்று என மாதந்தோறும் குப்பிகள் வாங்குவது கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளலாமா?
(கீழக்கரை வாசகர்)

பதில்: தாராளமாகத் தயாரித்துக்கொள்ளலாம். குப்பிகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் கால்சியம் குளோரைடும் சோடியம் பைகார்பனேட்டும் (அல்லது கார்பனேட்டும்) கரைந்த நீர்தான். நீங்கள் ஏற்கெனவே இரண்டு நாள் அளந்து பார்த்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. ஏனெனில் அளக்காமல் ஊற்றுவதால்தான் பெரும்பாலான தொட்டிகள் கெடுகின்றன.

பவளம் தன் கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுவதால், கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் எடுத்துக்கொள்கிறது. காரத்தன்மை ஒரு டிகேஹெச் குறையும்போது, கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம்தான் குறையும். கடல்நீரில் கால்சியம் 400 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால் அந்தக் குறைவு உங்கள் டெஸ்ட் கிட்டில் தெரியவே தெரியாது; ஆகவே காரத்தன்மையைப் பார்த்தே அளவை முடிவு செய்யுங்கள், ஆனால் இரண்டையும் அதே விகிதத்தில் சேருங்கள்.

உங்கள் தொட்டி நாளொன்றுக்கு அரை டிகேஹெச் செலவழிக்கிறது. 120 லிட்டரில் அதை ஈடுகட்ட 1.8 கிராம் ஆப்பச்சோடாவும், 1.6 கிராம் அளவுக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டும் (படிகநீர் கொண்ட வகை) வேண்டும். இவ்வளவு சிறிய எடையைத் தினமும் நிறுப்பது கடினம். எனவே ஒரு பாட்டிலில் 60 கிராம் ஆப்பச்சோடாவையும் மற்றொன்றில் 52 கிராம் கால்சியம் குளோரைடையும் இட்டு, கரைசல் ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் வரும்படி நீர் விட்டுக் கரைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் நாளுக்கு 30 மில்லி ஊற்றினால் போதும். ஒரு மாதத்துக்கு வரும். கால்சியம் குளோரைடு நீரற்ற வகையாக இருந்தால் 40 கிராம் மட்டும் போடுங்கள். அது கரையும்போது வெப்பம் வெளிப்படும் என்பதால், நீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும்.

கரைக்கும் நீர் ஆர்.ஓ. நீராகவோ வாலை வடிநீராகவோ இருக்கட்டும். நம் மாவட்டத்து ஆழ்குழாய் நீரின் உப்பும் கடினத்தன்மையும் இதற்கு உதவாது. குழாயில் வரும் காவிரிக் குடிநீரில் குளோரின் இருக்கும். மளிகைக் கடையில் ஆப்பச்சோடா வாங்கும்போது பொட்டலத்தில் சோடியம் பைகார்பனேட் மட்டுமே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பேக்கிங் பவுடரில் மாவும் அமிலமும் கலந்திருக்கும். கால்சியம் குளோரைடை உணவுத் தரத்திலோ ஆய்வகத் தரத்திலோ மட்டும் வாங்குங்கள். இறால் பண்ணைகளுக்காக மூட்டையில் வருவது மலிவுதான், ஆனால் அந்தத் தரத்தை நம்பிப் பவளத் தொட்டியில் ஊற்ற எனக்குத் துணிவில்லை.

என் தொடக்கக் காலத்தில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் அவசரத்தில் இரண்டு கரைசல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, தொட்டியின் ஒரே மூலையில் ஊற்றினேன். அந்த இடத்தில் நீர் அரிசி களைந்த கழுநீர்போல வெளுத்தது. மாலையில் நீர் தெளிந்திருந்தது, ஆனால் பம்பு சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால், வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் காறல்போல அதன் தண்டு முழுவதும் வெள்ளையாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை, புளிக்காடியில் ஊறப்போட்ட பிறகே வந்தது. பவளத்துக்குப் போக வேண்டிய கால்சியம் முழுவதும் அந்தத் தண்டில் போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும், நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில் ஊற்றுங்கள். காரத்தன்மை ஒரே நாளில் ஒரு டிகேஹெச்சுக்கு மேல் ஏறக் கூடாது. இவ்விரண்டும் சேர்ந்து கடைசியில் சாதாரண உப்பை விட்டுச்செல்வதால், வாரம் ஒருமுறை உப்புச்செறிவையும் பாருங்கள்.

மெக்னீசியம் மெதுவாகவே குறையும். லிட்டருக்கு 1,250 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மட்டும் கவனித்தால் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் பேதி உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 61 கிராம், உங்கள் தொட்டியில் மெக்னீசியத்தை லிட்டருக்கு 50 மில்லிகிராம் உயர்த்தும். அதைக் கரைத்துச் சில நாள்களாகப் பிரித்து ஊற்றுங்கள்.

கேள்வி: வெற்றிலைக்குப் போடும் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாம் என்கிறார்களே?
(மண்டபம் வாசகி)

பதில்: வழி சரியானது, பொருளில்தான் எனக்குத் தயக்கம். சுண்ணாம்புத் தெளிநீர் கால்சியத்தையும் காரத்தன்மையையும் பவளம் எடுத்துக்கொள்ளும் அதே விகிதத்தில் ஒருசேரத் தருகிறது. எவ்வளவு சுண்ணாம்பைப் போட்டாலும் லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராமுக்கு மேல் கரையாது என்பதால், தெளிநீரின் வலிமை தானாகவே ஒரு வரம்புக்குள் நிற்கும். மேலே கேட்ட வாசகரின் தொட்டிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் தெளிநீரே போதுமானது. ஆவியாகிப்போன நீருக்கு ஈடாக அதை இரவில் சொட்டுச் சொட்டாக விட்டால், வேறெந்தக் கரைசலும் தேவைப்படாது.

ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் வாசனைப் பொருள் சேர்ந்திருக்கலாம். சூளையில் வெந்த கிளிஞ்சலோடு என்னென்ன வந்தன என்பதும் தெரியாது. ஆய்வகத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு 500 கிராம் வாங்கினால், நாளுக்கு அரை லிட்டர் வீதம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வரும்போது, அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை. மூடியுள்ள பாட்டிலில் கலக்கி, சில மணி நேரம் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் எடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு, பாலாடைபோல மெல்லிய ஏடு மேலே படரும். அது மீண்டும் சுண்ணக்கல்லாக மாறிய பகுதி, பவளத்துக்குப் பயன்படாது. தெளிநீரின் பி.ஹெச். 12-க்கு மேல் இருப்பதால் கண்ணில் தெறித்தால் ஆபத்து. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளைப் பொடித்துப் போட்டால் கால்சியம் கிடைக்காதா?
(பாம்பன் வாசகர்)

பதில்: கிடைக்காது. தொட்டி நீரின் பி.ஹெச். 8-க்கு மேல் இருக்கும்வரை அந்தப் பொடி கரையாமல் மணலோடு மணலாகவே கிடக்கும். மேலும், கல்பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இறந்த துண்டானாலும் எடுத்துவரக் கூடாது. நம் கடலின் பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு வண்டி வண்டியாக ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மிஞ்சியிருப்பதைக் கைபடாமல் விட்டுவிடுங்கள். அந்தத் துண்டு கரையிலேயே கிடக்கட்டும்.