உப்புத் தண்ணீர்த் தோட்டத்தில் செசூவியம்: கேள்வி பதில்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை, உப்பங்கழிகளின் ஓரத்திலும் அலை வந்து தொடும் மணலிலும் தரையோடு தரையாகப் படர்ந்து ஆண்டு முழுவதும் பச்சை மாறாமல் நிற்கும் சதைப்பற்றுச் செடி செசூவியம். இதை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது பற்றிக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

உச்சிப்புளியிலிருந்து: எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வாசலில் போட்ட புல்தரை கருகிவிட்டது. மண்ணை மாற்றிவிட்டு மறுபடியும் புல் போடலாமா?

மண்ணை மாற்றினாலும் பாய்ச்சப்போவது அதே தண்ணீர்தான் என்பதால், அடுத்த கோடைக்குள் புதிய மண்ணும் உப்பேறிவிடும். அந்தச் செலவு வேண்டாம். புல்லுக்குப் பதில் செசூவியத்தை நடுங்கள். வேர் வழியாக வரும் சோடியத்தை இச்செடி இலைச் செல்களின் நுண்குமிழ்களுக்குள் அடைத்துவைத்து, அந்த உப்பின் செறிவையே பயன்படுத்தி மண்ணிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. இலை தடிப்பதற்கும் அதுவே காரணம். நல்ல தண்ணீரிலும் இது வளரும் என்றாலும், அங்கே அருகும் கோரையும் புகுந்து இதை அமுக்கிவிடுகின்றன. உங்கள் போர் தண்ணீர் அந்தக் களைகளில் பலவற்றைத் தலையெடுக்க விடாது என்பதால், களை பறிக்கும் வேலை பாதியாகக் குறையும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: புல்லைப் போல இதன்மேல் நடக்க முடியாது, மிதித்தால் தண்டு நசுங்கிவிடும். நடைபாதைக்குக் கல் பதித்துவிட்டு, இடைவெளிகளில் இதைப் படரவிடுங்கள்.

தொண்டியிலிருந்து: கழியோரத்தில் உமரியும் சாரணையும் கலந்தே கிடக்கின்றன. எதைச் செசூவியம் என்று எடுப்பது?

ஒரு தண்டை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். செசூவியத்தில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். நீண்டு, வழுவழுப்பாக, உருண்டும் தட்டையுமல்லாமல் இடைப்பட்ட வடிவில், நுனி கூர்ந்திருக்கும். நல்ல வெயில்பட்ட தண்டு சிவந்திருக்கும். கணுவுக்கு ஒன்றாக விண்மீன் போன்ற ஐந்து முனைப் பூ மலரும். உட்புறம் இளஞ்சிவப்பாகவும் வெளிப்புறம் பச்சையாகவும் இருப்பதால், மூடிக்கொண்ட பிறகு பூ இருந்த இடமே தெரியாது. உமரியின் பூ கண்ணுக்குப் படாத அளவு சிறியது. சாரணையின் இலை அகன்று மெலிந்தது. அதன் இணையில் ஓர் இலை பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருப்பதே போதுமான அடையாளம்.

கீழக்கரையிலிருந்து: விதை வாங்க வேண்டுமா? எந்த மாதத்தில் நடலாம்?

விதை தேவையில்லை. நான்கைந்து கணுக்கள் உள்ள தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு ஓர் அடி இடைவெளியில் ஊன்றினால் வேர்விட்டுவிடும். தை மாதம் மிகவும் ஏற்றது. வடகிழக்குப் பருவமழை மேல்மண் உப்பைக் கழுவி முடித்திருக்கும், ஈரமும் மீந்திருக்கும். ஐப்பசியில் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே மழை வெள்ளம் துண்டுகளை வாரிக்கொண்டு போகலாம். முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் கூடுமானவரை உப்புக் குறைந்த தண்ணீரைத் தெளியுங்கள். எரு கையளவு போதும்; அதிகமானால் தண்டு நீண்டு இலை நெருக்கம் குறையும். ஆடி மாதக் கச்சான் காற்று மணலை அள்ளிக் கொட்டினால் பதறாதீர்கள், மூடிய மணலிலேயே கணுக்கள் வேர்விட்டு, செடி மேலேறி வந்துவிடும்.

தங்கச்சிமடத்திலிருந்து: இவ்வளவு உப்பைத் தாங்குமென்றால் கடல் தண்ணீரையே குடத்தில் கொண்டுவந்து ஊற்றிவிடலாமே?

செடி தாங்கும், உங்கள் தோட்டம் தாங்காது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இராமேசுவரம் தீவைப் போன்ற மணற்பாங்கான இடங்களில், மழையால் சேர்ந்த நல்ல தண்ணீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கிறது. ஊற்றுத் தோண்டி நாம் இறைப்பது அந்த அடுக்கைத்தான். மணலில் ஊற்றும் கடல் நீர் நேரே கீழிறங்கி அந்த அடுக்கில் கலக்கும். செடிக்கு ஆசைப்பட்டு, அண்டை வீட்டு ஊற்றையும் சேர்த்துக் கெடுப்பது நியாயமாகாது. போர் தண்ணீரும், வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அது வெளித்தள்ளும் கழிவுநீருமே இதற்குத் தாராளம். கிணறு, தென்னை ஆகியவற்றின் அருகே அந்தக் கழிவுநீரையும் விட வேண்டாம்.

மண்டபத்திலிருந்து: எதிரே உள்ள தீவுகளில் கொத்துக் கொத்தாக இருக்கிறதாம். படகில் போய் எடுத்துவரலாமா?

கூடாது. அந்த 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கிருந்து எதையும் எடுத்துவருவது குற்றம். ஏற்கெனவே வளர்ப்பவரிடம் நான்கு தண்டு கேட்டு வாங்குங்கள்.

சாயல்குடியிலிருந்து: இதை நட்டால் நிலத்து உப்பு குறையும் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மண்ணிலிருந்து ஏறும் உப்பு இலையிலும் தண்டிலும்தான் சேர்ந்திருக்கிறது. அவற்றை அவ்வப்போது அறுத்து நிலத்தைவிட்டு வெளியேற்றினால்தான் உப்பு வெளியேறும். அறுத்ததை அங்கேயே மட்கவிட்டால் உப்பு மறுபடி மண்ணுக்கே திரும்பிவிடும். அத்துடன், உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும் நிலத்தில் இந்த எதிர்பார்ப்பே வேண்டாம்.

இராமநாதபுரத்திலிருந்து: ஐரோப்பாவில் இருக்கும் என் மகள் ஸீடம் என்ற செடியின் படத்தை அனுப்பினாள். தரை முழுக்க மஞ்சள் பூ. அது நமக்கு வருமா?

அந்த மஞ்சள் பூ ஸீடம், குளிர்நாடுகளின் கல் இடுக்கிலும் சரளையிலும் வாழப் பழகியது. நம் ஊரின் வெக்கையும் கார்த்திகை மழையும் சேர்ந்தால் வேர் அழுகிப்போகும் வாய்ப்பே அதிகம். பூதான் வேண்டுமென்றால் பத்துமணிப் பூவை வையுங்கள். அதன் பூர்விகம் தென் அமெரிக்காவாக இருந்தாலும் நம் வெயிலை அது விரும்பி ஏற்றுக்கொள்கிறது. செசூவியம் அளவுக்கு உப்பையும் தேங்கிய நீரையும் அது தாங்காது என்பதால், தொட்டியில் மணல் கலந்த மண்ணில் வைத்து, நல்ல தண்ணீரை அளவாக ஊற்றுங்கள். மேகமூட்டமான நாளில் பூ விரியாவிட்டால் அது நோயல்ல.

ஏர்வாடியிலிருந்து: இந்தக் கீரையைச் சமைக்கலாமா?

சமைக்கலாம். இளந்தளிரை மட்டும் கிள்ளி, கொதிக்கும் நீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டு, பருப்போடு சேர்த்துக் கடையுங்கள். உப்பை ருசி பார்த்த பிறகே போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. ஆக்சலேட் இருப்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்களும், உப்பு கூடாதென்று மருத்துவர் சொன்ன இரத்த அழுத்தக்காரர்களும் தவிர்ப்பது நல்லது. சாக்கடை ஓரத்திலும் படகு எஞ்சின் எண்ணெய் சிந்தும் கரையிலும் வளர்ந்ததைப் பறிக்கக் கூடாது. இச்செடி உப்போடு உலோகங்களையும் சேர்த்து உறிஞ்சும்.